படத்தில் தெரியாத பாதி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்த செலவில் வீட்டை நாமே அழகாக்கிக்கொள்வது பற்றி வார இணைப்புகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. பளிச்சென்று ஒரு சுவர், அதில் ஏழெட்டுப் படங்கள், பக்கத்தில் புது நிறம் பூசிய அலமாரி, கீழே நான்கு வரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு வரியை நம்பி இறங்குகிறவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பது அதில் இருப்பதில்லை. பெயின்ட் வாங்கும் செலவு கையைக் கடிப்பதில்லை. ஆறு மாதத்தில் உரிந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கும் செலவுதான் கடிக்கிறது. சுவர்ப்பூச்சும் தச்சும் தெரிந்த நாங்கள் சிலர், விடுபட்டுப்போகும் அந்தப் பாதியை எழுதுகிறோம்.

நிறம் தேர்ந்தெடுக்கும் முன் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அடியில் இருப்பது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் என்ற பழைய மலிவுப் பூச்சு. அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) அடித்தால் அது பொடியைப் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது. சில சமயம் இரண்டாவது கோட் ஓட்டும்போதே ரோலரோடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். சுவரை நனைத்து, பட்டி (ஓட்டை அடைக்கும் மாவு) வைக்கும் தகட்டால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அடுத்தது ஓதம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் தீரும். முதல் வகையாக இருந்தால் பெயின்ட் செலவே செய்யாதீர்கள். குழாய்க் கசிவோ, வெளிச்சுவர் விரிசலோ, எது மூலம் என்று கண்டுபிடித்து அடைக்கும்வரை எவ்வளவு உயர்ந்த பெயின்டும் கொப்பளிக்கும். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பலர் செய்யும் தவறு. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்து, அள்ளி வெளியே போடுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

ஆணி பிடுங்கிய ஓட்டைகளுக்குப் பட்டி வைக்கும்போது ஆழமான பள்ளத்தை ஒரே அப்பில் நிரப்பக் கூடாது. மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, சுருங்கி வெடிக்கும். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை வையுங்கள். காய்ந்ததும் 180 எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்த இடங்களுக்குக் கட்டாயம் பிரைமர் தொடுங்கள். பட்டி பெயின்டை உறிஞ்சும் அளவு வேறு, பழைய சுவர் உறிஞ்சும் அளவு வேறு. பிரைமர் இல்லாவிட்டால், மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு ஓட்டையும் மங்கல் திட்டாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அளவுக் கணக்கு எளிதுதான். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. நன்றாகத் தயாரித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு ஏழிலிருந்து எட்டு லிட்டர். ஒரே ஒரு சுவரை மட்டும் அழுத்தமான நிறத்தில் அடிக்க இரண்டரை லிட்டர் தாராளம். கையில் காசு குறைவு என்றால் நான்கு சுவருக்கும் மட்டமான பெயின்ட் வாங்குவதைவிட ஒரு சுவருக்கு நல்ல பெயின்ட் வாங்குவதே எங்கள் கட்சி. நிறம் கலந்து தரும் பெயின்ட் இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். ஒரே எண் போட்ட டப்பாக்களிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது சுவரின் நடுவில் வந்து நின்றால் கண்ணை உறுத்தும்.

அடிக்கும்போது வரும் பெரிய குறை, படச்சட்டம்போல் ஓரங்களில் தெரியும் கருங்கோடு. நான்கு சுவரின் ஓரத்தையும் முதலில் பிரஷால் அடித்து முடித்துவிட்டு, சாவகாசமாக ரோலரை எடுப்பதால் வருவது இது. ஓரம் காய்ந்த பிறகு அதன் மேல் ரோலர் ஏறினால் அங்கே மட்டும் இரண்டு அடுக்காகிவிடும். ஒரு சுவரின் ஓரத்தை இரண்டு இரண்டரை அங்குல பிரஷால் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரை ஓட்டி அந்தச் சுவரை முடியுங்கள். பிறகுதான் அடுத்தது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வேகமாகக் காய்வது இங்கே நமக்கு எதிரி. மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரம் முழுக்கப் போகும் முன், சாய்வாகத் தன் மேலேயே மடித்து இழுங்கள். மறுநாள் எடுத்தால் பெயின்டும் கிழிந்து வரும்.

பழைய கதவு ஜன்னல்களில் பல அடுக்கு எண்ணெய்ப் பெயின்ட் இருந்தால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்த அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அடிபெயரும் அளவுக்குப் பழுது இல்லையென்றால் அப்படியே விட்டு மேலே பூசுவது உத்தமம். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நீர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, சேறாக வருவதைத் துணியால் வழித்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. நெருப்பு காட்டி உரிப்பது இன்னும் மோசம்.

சுவர்த்தாள் ஒட்டுபவர்கள் சதுர அடிக் கணக்கில் ஏமாறுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் சுருள் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம், அதாவது சுமார் 57 சதுர அடி. 12 அடி அகலச் சுவருக்கு 120 சதுர அடிதானே, இரண்டு சுருளும் கொஞ்சமும் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த அகலத்துக்கு ஏழு பட்டை வேண்டும். 10 அடி உயரச் சுவருக்கு மேலும் கீழும் வெட்ட நான்கு அங்குலம் விட்டால் ஒரு சுருளில் மூன்று பட்டை கிடைக்கும், ஆக மூன்று சுருள். அதே தாளில் இரண்டடிக்கு ஒருமுறை திரும்பி வரும் பெரிய பூ இருந்தால், பக்கத்துப் பட்டையோடு பூவைப் பொருத்த ஒவ்வொரு பட்டைக்கும் 12 அடி தேவைப்படும். ஒரு சுருளில் இரண்டுதான் தேறும், மொத்தம் நான்கு சுருள். முதல் பட்டையை மூலைச் சுவரை நம்பி ஒட்டாதீர்கள். எந்த வீட்டு மூலையும் நேராக இருப்பதில்லை. தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு அதைப் பிடித்து ஒட்டுங்கள். பின்பக்கம் பசையோடு வரும் தாளைப் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் மூன்று நான்கு வாரத்துக்கு முன் ஒட்டினால் ஓரம் கிளம்பிவிடும்.

படம் மாட்டுவதற்கு உங்கள் நாளிதழே நல்ல கருவி. பழைய தாள்களைச் சட்டங்களின் அளவுக்கு வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் பார்த்து மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஓட்டை போட வேண்டியதில்லை. தொகுப்பின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம், சட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று அங்குலம், சோபாவின் முதுகுக்கு மேல் ஆறிலிருந்து எட்டு அங்குலம் என்று வைத்தால் தவறாது. பல வீடுகளில் படங்கள் தேவைக்கு மேல் உயரத்தில் தொங்குகின்றன. ஆணி அடிக்கும் இடத்தைக் காகிதத்திலேயே குறியுங்கள். சட்டத்தின் பின்கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து சட்டத்தின் மேல்விளிம்புக்கு எவ்வளவு என்று அளந்தால் அதுதான் இடம்.

கண்ணாடி போன்ற கனமான பொருளுக்கு ஆணி ஆகாது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மி.மீ. தடிப்புக்கு இரண்டரை கிலோ. 2 அடிக்கு 3 அடி, 4 மி.மீ. கண்ணாடி சட்டம் இல்லாமலே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும். 6 மி.மீ. டிரில் பிட், 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், அதற்கேற்ற ஸ்க்ரூ என்று இரண்டு இடத்தில் மாட்டுங்கள். பிளக் சிமென்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். பூச்சு மட்டும் அரை அங்குலத்துக்குக் குறையாது என்பதால், ஓட்டை இரண்டு அங்குலம் இருக்கட்டும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளோடு டிரில் முரண்டுபிடித்தால் கான்கிரீட், அங்கே சுத்தியல் வசதியுள்ள டிரில் தேவை. ஓட்டைக்குள் தூள் தங்கினால் பிளக் முழுதாக இறங்காது, ஊதி வெளியேற்றுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் டிரில் வைக்கவே கூடாது, கம்பி அந்த வழியில்தான் ஓடும்.

திரைச்சீலைக்கு வருவோம். நான்கடி ஜன்னலுக்குக் கம்பி இருபுறமும் எட்டெட்டு அங்குலம் வெளியே நீண்டு 64 அங்குலம் இருந்தால், திறக்கும்போது துணி சுவர்ப்பக்கம் ஒதுங்கி வெளிச்சம் முழுதாக வரும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். துணியின் அகலம் கம்பியைப்போல் இரண்டு மடங்கு. அதற்குக் குறைந்தால் மூடும்போது படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். பருத்தித் துணியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்காவிட்டால் முதல் சலவையில் குட்டையாகிவிடும். உலோக வளையம் பதிப்பதாக இருந்தால் எண்ணிக்கை இரட்டைப்படையில் வர வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும். ஒற்றைப்படை என்றால் ஓர் ஓரம் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பாதியாகத் தைத்த திரையில் ஒரு பாதியின் அகலம் 64 அங்குலம் என்று வையுங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் மிச்சம் 60. பன்னிரண்டு வளையத்துக்கு இடையே பதினொரு இடைவெளி, ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலத்துக்கு அரை நூல் (1/16 அங்குலம்) குறைவு.

பழைய அலமாரியைப் புதிதாக்க முதலில் கைப்பிடியை மாற்றிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். வாங்கப் போகும் முன் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 64, 96, 128 மி.மீ. என்று 32-இன் மடங்காகத்தான் இருக்கும். அதே அளவில் வாங்கினால் பழைய ஓட்டையை அடைக்கும் வேலை மிச்சம். லேமினேட் பலகைக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் சோப்புத் தண்ணீரால் பிசுக்கைக் கழுவி, 180 எண் தாளால் பளபளப்பு மட்டும் சாகும்படி தேய்த்து, வழவழப்பான பரப்புக்கென்றே விற்கும் பிரைமரை அடியுங்கள். சாதாரண மரப் பிரைமர் நகம் பட்டாலே உரியும். எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. ஒரு வாரமாவது கதவை இறுக மூடாமல், மேலே கனம் வைக்காமல் விடுங்கள். வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து முழுக்கக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியின் மேல்பகுதியைச் சுவரோடு எல் வடிவத் தகட்டால் பிணைத்துவிடுவதும் முக்கியம்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கூடத்தில் 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்கு எரிந்தால் எந்த வெதுவெதுப்பான நிறமும் வெளிறித்தான் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் ஒளிப் பல்புகள் இரண்டைத் தாழ்வான இடத்தில் வைத்துப் பாருங்கள், சுவருக்குப் பெயின்டே தேவையில்லை என்றுகூடத் தோன்றலாம். பெயின்ட் மாதிரியையும் நீங்கள் இரவில் எரிக்கப்போகும் அதே விளக்கில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மிச்சப் பெயின்டைக் காற்று அதிகம் தங்காத சிறிய டப்பாவில் மாற்றி, நிற எண், தேதி, எந்தச் சுவர் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆணி ஓட்டை அடைக்கும்போது உதவும். இனி வரும் இணைப்புகளில் ஒவ்வொரு படத்தோடும் எந்த வகைச் சுவர், எத்தனை கோட், எத்தனை மணி நேரம் காயவிட்டது என்ற மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுவர்ப்பூச்சும் தச்சும் அறிந்த வாசகர்கள் சிலர்