பெக்கி ஆஷ்கிராஃப்ட் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழில் வரும் பிரிட்டிஷ் நடிகைகள் பற்றிய கட்டுரை வரிசையில் பெக்கி ஆஷ்கிராஃப்டை விட்டுவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் நாடக மேடைக்காரர், சினிமா அபூர்வம். 1935-இல் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஒரு குடியானவரின் மனைவியாகச் சில நிமிடங்களே வருவார். கணவனுக்குப் பயந்த அந்தக் கண்கள் மறக்கவே மறக்காது.

அப்புறம் 1984. டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் திருமதி மூர் வேடம். அதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது அவருக்கு வயது 77. ஆனால் எனக்கு அதே ஆண்டு கிரானடா டெலிவிஷனில் வந்த 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொடரில் அவர் ஏற்ற பார்பி வேடம்தான் பெரிது. ஓயாமல் பேசும் ஓய்வுபெற்ற மிஷன் ஆசிரியை, கடைசியில் பேச்சே அற்றுப்போகிறார். அந்த நடிப்பைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள்.

– வாசகர், திருச்சி