போர்க்காலத்தைக் கணக்கில் எடுக்காத காணிச் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மார்ச் 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், தவறினால் அது அரச காணியாகும் என்று அறிவித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். தவணை முடியும் தறுவாயில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் வர்த்தமானியை மீளப்பெற்றது. அதோடு ஊரில் காணிப் பேச்சு அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மீளப்பெறப்பட்டது ஓர் அறிவித்தல் மட்டுமே. அதற்கு அடிப்படையான 1931 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் தேடி ஓடிய காணி உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, அதன்பின் எத்தனை குடும்பங்கள் எடுத்து வைத்துவிட்டன?

இந்தச் சட்டத்தின் வேர் 1840 இல் இருக்கிறது. அந்த ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் பயிரில்லாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்றது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. உரிமையாளன் என்றால் காணியில் இருப்பான், வேலி போடுவான், பயிர் செய்வான், கையில் கடதாசி வைத்திருப்பான் என்பதே அதன் எண்ணம். 1897 இன் தரிசு நிலச் சட்டமும் 1931 இன் சட்டமும் அதே தடத்தில் வந்தவை.

வடக்கில் இருந்தவர்கள் காணியை விட்டுப் போனது தங்கள் விருப்பத்தால் அல்ல. 1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கு போரால் வெறுமையானது. அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள்; யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. 2009 மே வரை வன்னி மக்கள் ஊர் ஊராக ஓடி, முட்கம்பிக்குள் செட்டிகுளம் முகாமில் போய் நின்றார்கள். இத்தனை ஆண்டுகளில் காணியில் பற்றை வளராமல் என்ன செய்யும்? அந்தப் பற்றையைக் காட்டித்தான் இன்று ஒரு திணைக்களம் காடு என்கிறது, இன்னொன்று உரிமையாளரற்ற நிலம் என்கிறது. வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் போய்த் தங்கிய புத்தளத்திலும், தமிழ்நாட்டு முகாமிலும் கனடாவிலும் இருக்கும் உரிமையாளருக்கு மூன்று மாதம் எதற்குப் போதும்?

போர் ஆண்டுகளைக் கணக்கிலிருந்து கழிப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1871 இன் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு இடையூறின்றிக் காணியை ஆட்சியில் வைத்திருந்தவர் அதற்கு உரிமை கோரலாம். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், ஆயுதக் குழுவின் செயற்பாட்டால் தம் உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. பக்கத்துக் காணிக்காரன் விடயத்தில் ஏற்றுக்கொண்ட நியாயத்தை, அரசு தன் விடயத்தில் மட்டும் ஏன் ஏற்கவில்லை?

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க முடியாது. உறுதி எரிந்துபோனது, பங்கருக்குள் தாண்டுபோனது என்று கைவிட்டவர்கள் ஒன்றை அறிய வேண்டும். நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முடிக்கும் உறுதிக்கு மூன்று வடிவம் உண்டு. மூலம் உரிமையாளர் கையில்; ஒரு பிரதி நொத்தாரிசின் ஏட்டில்; இன்னொரு பிரதி மறுமாதம் காணிப் பதிவகத்துக்குப் போய்விடும். நம்முடையது எரிந்தாலும் மற்ற இரண்டில் ஒன்று தப்பியிருக்கலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரிடம் போங்கள். ஒரே தாய்க் காணியிலிருந்து பிரிந்த துண்டுகளின் உறுதியில் உள்ள தோம்பு (பதிவகத்தின் காணிப் பதிவேடு) இலக்கம், அந்த ஏட்டில் நம்முடைய தாளுக்கும் வழி காட்டும். அவருடைய எல்லை விபரத்தில் ‘மேற்கு இன்னாருடைய காணி’ என்று நம் தாத்தாவின் பெயர் இருந்தால் அதையும் பிரதி எடுத்து வையுங்கள். நம் உறுதிகள் எல்லையைப் பெயராலும் வேலியாலும் கிணற்றுப் பங்காலும் சொல்பவை. புல்டோசர் வேலியை வழித்துக்கொண்டு போன இடங்களில், தூர்ந்த கிணற்றின் கட்டு ஒன்றுதான் இன்று எல்லைக்கல். அதைக் கண்டால் மூடிவிடாதீர்கள்.

பதிவக ஏடுகளும் போருக்குத் தப்பவில்லை. தாளே இல்லாதபோது, அங்கே வாழ்ந்ததையும் ஆண்டதையும் காட்டும் கடதாசிகளைத் தேட வேண்டும். இடப்பெயர்வுக்கு முந்திய வாக்காளர் இடாப்பின் பகுதி, உள்ளூராட்சி மன்றத்தின் சோலைவரி (ஆதன வரி) பற்றுச்சீட்டு, வயல் என்றால் கமநல சேவை நிலையத்தின் நெற்காணி இடாப்பு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராம வரைபடம், 1956 இலிருந்து எடுக்கப்பட்ட விமானப் படங்கள். இவை தனித்தனியே உரிமையை நிரூபிக்கா. மூன்று நான்கு சேர்ந்து ஒரே பெயரையும் ஒரே இடத்தையும் சொன்னால் பாரம் கூடும். அதிகம் பேர் சறுக்குவது பெயரில்தான். உறுதியில் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வாக்காளர் இடாப்பில் முதலெழுத்து மாற்றம். இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைக்காவிட்டால் மற்றக் கடதாசிகள் வீண்.

வன்னியின் பெரும்பகுதிக்கு உறுதியே கிடையாது. அங்கே இருப்பவை, அரச காணியைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்த 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரங்களும் அளிப்புப் பத்திரங்களும். அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவு செய்யாமல் இறந்தால் சட்டம் தன் பட்டியல்படி போகும். 2022 இல் திருத்தப்படும் வரை அந்தப் பட்டியலில் ஆண் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். இறந்தவரின் துணை ஆறு மாதத்துக்குள் காணியில் ஆட்சி எடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஷெல் விழுந்த நிலத்தில் ஆறு மாதத்தில் யார் போய் ஆட்சி எடுப்பார்கள்? புலிகளின் நிர்வாகம் கொடுத்த காணிப் பத்திரங்களுக்குச் சட்டவலு இல்லை. ஆனாலும் அவற்றை எறிந்துவிட வேண்டாம். எந்த ஆண்டு முதல் அந்தக் காணியில் இருக்கிறோம் என்பதைப் பிரதேச செயலகத்துக்குக் காட்ட, மற்றக் கடதாசிகளோடு அதுவும் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களின் நிலை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண், தன் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சம்மதத்தை அவர் யாரிடம் வாங்குவார்? 2010 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுங்கள் என்பார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் படத்தோடு அமர்ந்தவர்களிடம், ‘செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போடு’ என்பது எவ்வளவு கொடுமை! மரணச் சான்றிதழ் எடுக்காமலும் வழி உண்டு. கணவர் இருக்கும் இடம் தெரியவில்லை என்று மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்தால், அவருடைய சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள நீதிமன்றம் அதிகாரம் கொடுக்கலாம் என்று அந்த 1911 இன் சட்டத்திலேயே இருக்கிறது. ஆள் காணாமற்போனதைக் காட்ட 2016 இல் வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இருந்தால் மனுவுக்குச் சான்றாகக் காட்டலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், தன் பெயரில் பத்துப் பரப்புக் காணி இருந்தும் பிள்ளையின் படிப்புக்கு ஈடு வைக்க முடியாமல் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ‘தம்பி பார்த்துக்கொள்வான்’ என்று விட்டுவிடுகிறார்கள். காணியைக் கையாள இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவத்தை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் முறையாக முடித்து அனுப்புங்கள். ஆளில்லாக் காணிகளுக்குக் கள்ள உறுதி முடிக்கும் கூட்டமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தோம்பு எடுத்துப் பார்த்தால் புதிதாக யாராவது பதிந்திருப்பது தெரியவரும். பிள்ளைகள் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள் என்று அஞ்சவும் தேவையில்லை. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவுக்குப் பரம்பரையாக வருவதைத் தடுக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் வெறும் பிரகடன உறுதி ஒன்றை முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு. ‘இது என் காணி’ என்று தானே சொல்லித் தானே முடிக்கும் கடதாசி அது. சர்ச்சை வந்தால் அதன் பின்னால் என்ன சான்று இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

அரசிடம் கேட்பது இரண்டு. போர் ஆண்டுகளில் ஆளில்லாமல் கிடந்ததை வைத்து எந்தக் காணியையும் உரிமையாளரற்றது என்று கருதக் கூடாது என 1931 இன் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு முன், பதிவகமும் நில அளவைத் திணைக்களமும் தேர்தல் அலுவலகமும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் உட்காரும் நடமாடும் சேவையைப் பிரதேச செயலகம் தோறும் நடத்த வேண்டும். புத்தளத்திலும் ஒன்று வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படியான வர்த்தமானி வந்தால், ஏக்கர்க் கணக்கைத் தலைப்பில் போடுவதோடு நிறுத்தாமல், கிராம அலுவலர் பிரிவு, காணிப் பெயர், வரைபட இலக்கம், கடைசித் திகதி முழுவதையும் தமிழில் ஒரு பக்கமாக வெளியிடுங்கள். தன் காணியின் பெயரை அச்சில் கண்டால்தான் ரொறன்ரோவில் இருப்பவரும் தொலைபேசியை எடுப்பார்.

இங்ஙனம்,
காணி ஆவண வேலையில் உள்ள ஒரு வாசகர்,
பரந்தன்.