சாவியைக் கொடுப்பதற்கு முன்னால்

கண்ணா,

காரை விற்கப் போகிறாய், பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. சரி, உன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. காரணம் நான் கேட்கவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து வழக்குகளைப் பார்த்தவள் நான், இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்துக்கு உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்டஈட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் அப்பவே வித்துட்டேன் மேடம்" என்று, வண்டியை ஒப்படைத்ததாக எழுதிய டெலிவரி நோட்டை நீட்டிக்கொண்டு எத்தனை பேர் வந்து நின்றிருக்கிறார்கள்! அந்தத் தாள் மட்டும் போதாதுடா.

வண்டி கோயம்புத்தூர் பதிவு, போவது கேரளாவுக்கு. அதனால் இங்கே ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும், சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கச் சொல்வார்கள். லோன் முடிந்தது என்றாயே, பேங்க் பெயரை ஆர்சியிலிருந்து எடுத்தாயா? அதற்குப் படிவம் 35 வேண்டும். என்ஓசி தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 30 நாளுக்குள் மறுத்துப் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டம் 48-ஆவது பிரிவு, யாராவது இழுத்தடித்தால் தைரியமாகச் சொல்.

அப்புறம் படிவம் 29. விற்றுவிட்டேன் என்று நீ தெரிவிப்பது அதில்தான். உள்ளூர் என்றால் 14 நாள், வெளிமாநிலம் என்பதால் உனக்கு 45 நாள் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதே. வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தராதே, நீயே கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கு. கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு இன்சூரன்ஸில் தரும் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், உன்னுடையது, காரோடு போகாது, அதற்கும் கடிதம் வாங்கு. பாஸ்டேகை முடித்துவிடு. கேரளாவில் வரி கட்டுவது அவர் பாடு, அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தால் அசையாதே.

திண்டுக்கல் பக்கம் இடித்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடு. உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும், தெரிந்த பழுதை மூடி மறைத்தால் அது மோசடி, அவர் உன்மேல் வழக்குப் போடலாம். நீ அப்படிச் செய்கிறவன் இல்லை, தெரியும்.

அப்பா அந்த வண்டி நம்பரை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார். நம் வீட்டில் முதல் கார் அது. பொங்கலுக்கு வந்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ? கேட்க மாட்டேன் என்றேன், சரி, கேட்கவில்லை. ஆனால் பணம்தான் காரணம் என்றால் அதற்குக் காரை விற்க வேண்டியதில்லை, என் பெயரில் இருக்கும் டெபாசிட் சும்மாதான் கிடக்கிறது.

படிவம் 29 ஒப்புகையை மறக்காதே. அட்வான்ஸ் வாங்கிவிட்டாயா, இல்லையா? அதை இன்றைக்கே போன் போட்டுச் சொல்.

அம்மா