திமிங்கிலங்களுக்கு எழுதிய இரண்டு கணக்கு: ஆய்வு மாணவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் ஆய்வேட்டில் சோவியத் திமிங்கில வேட்டையை ‘மனித மையவாதம்’, அதாவது எல்லாமே மனிதன் பயனுக்கே என்ற பார்வை, என்று முதல் பக்கத்திலேயே பெயர்சூட்டி முடித்துவிட்டாய். எனக்கு ஒப்பவில்லை. மனிதனுக்குப் பயன்படட்டும் என்று கொன்றவர்கள், கொன்றதையாவது முழுசாக எடுத்திருப்பார்கள். இங்கே கப்பலோரம் கட்டிவைத்த உடல்கள் அழுகியதும் உண்டு; கொழுப்பை மட்டும் உரித்துவிட்டு மிச்சத்தைக் கடலில் தள்ளியதும் உண்டு. எண்ணெயைவிட எண்தான் தேவைப்பட்டது.

ஒவ்வொரு வேட்டைக் கப்பல் தொகுதிக்கும் திட்ட இலக்கு இருந்தது. எட்டினால் போனஸ். ஆனால் இந்தப் பருவம் எட்டியதே அடுத்த இலக்கை உயர்த்தும். கடலில் திமிங்கிலம் குறைய, காகிதத்தில் இலக்கு ஏறியது.

அதற்காகத்தான் இரட்டைக் கணக்கு. உண்மையானது மாஸ்கோவுக்கு, பொய்யானது வேட்டைக்கு வரம்பு வைத்த பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்துக்கு. தென்கோளத்தில் கொன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 48,000-க்கு மேல், சொன்னது 2,710. 1959–61இன் இரண்டே பருவங்களில் ஏறக்குறைய 25,000. 1962இல் ஆஸ்திரேலியாவின் டாங்கலூமா, பைரன் பே வேட்டை நிலையங்கள் பிடிக்கத் திமிங்கிலம் கிடைக்காமல் மூடப்பட்டன. முழுக் காரணம் வெளியே வர, 1993இல் ரஷ்ய அதிபரின் சூழலியல் ஆலோசகரான உயிரியலாளர் அலெக்ஸி யாப்லகோவ் வாய்திறக்க வேண்டியிருந்தது.

வருங்காலத் தலைமுறைக்கான கடமை பற்றி எழுதுகிறாயே, அங்கே சோவியத் உயிரியலாளர் பெர்சினின் நினைவுக்குறிப்பைச் சேர். சந்ததிக்குத் திமிங்கிலமே மிஞ்சாது என்று மீன்வள அமைச்சர் இஷ்கோவிடம் சொன்னார்களாம். என்னைப் பதவியிலிருந்து இறக்கப்போவது அந்தச் சந்ததி இல்லையே என்கிற பொருளில் இஷ்கோவ் பதில் சொன்னாராம். பாதி நீதிநூல்கள் இந்த ஒரு பதிலில் இடறி விழும்.

நீ தொடாமல் விட்டது கப்பலிலிருந்த உயிரியலாளர்களை. 1966 நவம்பரில் அரபிக்கடலில், ஓமான் முதல் இந்தியாவின் வடமேற்குக் கரை வரை, 238 கூன்முதுகுத் திமிங்கிலங்களைச் சோவியத் வேட்டைக் கப்பல்கள் கொன்றன. உயிரியலாளர்கள் வயிற்றைக் கீறி இரையைப் பார்த்தார்கள், மீன் இருந்தது. கருக்களை அளந்தார்கள், அவை தென்கோளத்தின் எதிர்ப்பருவப்படி அல்ல, வடகோள நாட்காட்டிப்படி வளர்ந்திருந்தன. அந்தக் கூட்டம் அண்டார்டிகா போகாமல் அங்கேயே உண்டு, அங்கேயே ஈனுகிறது என்ற முடிவுக்கு இந்த அளவுகள் பெரிய ஆதாரம். இன்று அங்கே எஞ்சியவை நூறுகூட இராது என்கிறார்கள். அவற்றைக் காக்க நினைப்பவர்களும் அந்த 238 உடல்களிலிருந்து வந்த தரவைத்தான் புரட்டுகிறார்கள். அதை எடுத்தாளலாம் என்பதே என் கட்சி. ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதை அட்டவணையிலேயே எழுது, அடிக்குறிப்பில் ஒளிக்காதே.

இன்னொன்று. 1993-க்கு முந்தைய திமிங்கிலத் தொகை மதிப்பீடு எதையும் அப்படியே எடுக்காதே. பிடிபட்ட எண்ணிக்கையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டவை பொய்க் கணக்கின் மேல் நிற்கின்றன. உன் மூன்றாம் அட்டவணையில் அப்படி இரண்டு வரிகள் இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்