வராத பேச்சாளரின் பேச்சு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நம் சேவைச் சங்கத்தின் நிகழ்ச்சிக் குழு சார்பில் எழுதுகிறேன். இரவல் வாங்கிய நாற்காலிகளில் பாதி இன்னும் திரும்பிப் போகவில்லை. ஓய்வெடுத்துக்கொண்டு ஆற அமர எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆறிவிட்டால் இது சம்பிரதாயக் கடிதமாகிவிடும் என்ற பயத்தில் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் விழாவுக்குப் பேசி வைத்திருந்த அரங்கம் கைவிட்டுப் போனது, அன்று மாலையே கண் தானத்தைப் பற்றிப் பேசவிருந்த சிறப்புப் பேச்சாளரான மருத்துவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி வந்தது, அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு எதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. மருத்துவர் தேறி வருகிறார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறார். இந்த மடலில் முதலில் சொல்ல வேண்டிய நல்ல செய்தி அதுதான்.

விழாவைத் தள்ளி வைத்திருக்கலாமே என்று சிலர் அக்கறையோடு கேட்டார்கள். வெறும் மேடை நிகழ்ச்சியாக இருந்தால் தள்ளி வைத்திருப்போம். அதோடு இரத்ததான முகாமும் சேர்ந்திருந்தது. தானமாகக் கிடைக்கும் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பொதுவாக 5 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். சிவப்பணுக்களுக்கும் ஆறு வாரம் போல எல்லை உண்டு. ஒரு முகாம் நடக்கும் என்று நம்பி இரத்த வங்கி திட்டமிட்டிருக்கும்போது நாம் கைவிரித்தால், அந்த இடைவெளியை யாரோ ஒரு நோயாளி சுமக்க வேண்டியிருக்கும். அதனால்தான் எப்படியாவது நடத்திவிடுவது என்று முடிவெடுத்தோம். அந்த ‘எப்படியாவது’ நீங்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்தது.

எல்லோருக்கும் நன்றி சொல்வேன். அதற்கு முன் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். தன் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற ஆசிரியை, மேடைகளில் பேசிப் பழகியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விழாவுக்கு வந்தவர்களுக்கு யார் என்று தெரியும்.

அன்றிரவு நேரம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “பேச ஆள் கிடைத்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவராகவே கேட்கிறாரே என்ற தெம்பில், “நீங்கள் வழக்கமாகப் பேசும் தலைப்பு ஏதாவது ஒன்றில் பேசிக் கொடுத்தால் போதும் அம்மா, மாலை தப்பித்துவிடும்” என்றேன்.

“என் பேச்சு இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். மக்கள் கண் தானத்தைப் பற்றிக் கேட்க வருகிறார்கள். டாக்டரின் குறிப்புகள் உங்களிடம் இருக்கின்றனவா?”

இருந்தன. திரையில் காட்டும் படங்களைத் தயார் செய்வதற்காக மருத்துவர் முன்கூட்டியே அனுப்பியிருந்த நான்கைந்து கையெழுத்துத் தாள்கள். அவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். அவர் படுக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் முதல் வேலையாக மருத்துவரின் மகளைக் கூப்பிட்டு, அப்பாவின் சம்மதத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மருத்துவரின் கையெழுத்தும் சுருக்கக் குறிகளும் நமக்குத் தெரிந்ததுதானே. புரியாதவற்றை ஒவ்வொன்றாக மகளிடம் படித்துக் காட்டி, அவர் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டை நான் பார்த்தேன். இடது பக்கத்தில் மருத்துவரின் வார்த்தைகள், அப்படியே. வலது பக்கத்தில், இதைக் கேட்டால் மக்கள் என்ன கேட்பார்கள் என்ற யோசனைகள். தன் சொந்தக் கருத்தென்று ஒரு வரிகூட அதில் இல்லை.

மாற்று அரங்கத்துக்கு எங்களுக்கு முன்பாகவே வந்துவிட்டார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். “எழுத்து சின்னதாக இருக்கிறது. கண் சரியில்லாதவர்கள் வரப்போகும் கூட்டம் இது” என்று சொல்லி, படங்களில் பாதியை எடுத்துவிடச் செய்தார். எத்தனையோ விருந்தினர்களை நம் மேடைக்கு அழைத்திருக்கிறோம். கடைசி வரிசையிலிருந்து மேடையைப் பார்த்த ஒருவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பேச எழுந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “இன்று உங்களிடம் பேசுபவர் டாக்டர்தான். நான் படித்துக் காட்ட வந்திருக்கிறேன்.”

பிறகு ஒரு மணி நேரம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இறந்த பிறகு 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்றால், “டாக்டர் எழுதியிருக்கிறார்” என்று தொடங்கினார். கண் வங்கிக்கு உடனே தகவல் சொல்லுங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சை மேலே வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குக் கீழே தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று மருத்துவர் வரிசையாக எழுதியிருந்ததை, துக்க வீட்டில் பதற்றத்தோடு நிற்கும் ஒருவரிடம் சொல்வது போல நிதானமாக, இரண்டு முறை படித்தார். கண்ணாடி அணிந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லோரும் கொடுக்கலாம் என்ற வரி வந்தபோது அரங்கத்தில் ஒரு சலசலப்பு. தங்களால் முடியாது என்று நினைத்துக்கொண்டே அத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! தாளில் ஓரிடத்தில் மருத்துவர் ‘இங்கே நிறுத்தி, கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும்’ என்று தனக்காக எழுதி வைத்திருந்தார். அதையும் உரக்கப் படித்துவிட்டு நிறுத்தினார்.

வந்த கேள்விகளில் ஒன்று என்னை இன்னும் விடவில்லை. நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தன் அண்ணனுக்குக் கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது, தானமாகக் கிடைக்கும் கண்ணை வைத்தால் பார்வை திரும்புமா என்று கேட்டார். குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. மேடையில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடத்தான் தோன்றும். ஆசிரியை, “எனக்குத் தெரியாது ஐயா. டாக்டரைக் கேட்டு உங்களுக்குச் சொல்கிறேன்” என்று நோட்டில் குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் கேள்வி கேட்டவரைத் தேடிப் போய்த் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

பதில் நல்ல பதில் இல்லை. மாற்றிப் பொருத்துவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலத்தை மட்டும்தான். அந்த நோய் கெடுப்பது பின்னால் இருக்கும் பார்வை நரம்பை. நரம்பு கெட்டுப் போன இடத்தில் படலத்தை மாற்றிப் பயனில்லை. ஆனால் மருத்துவர் அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: உடன்பிறந்தவர்களுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் வளரும், எனவே கேட்டவர் தன் கண்களை உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியை இதைக் குறுஞ்செய்தியாக அனுப்பவில்லை. தாமே அழைத்து, முதல் பாதியைச் சொல்லி, எதிர்முனையில் இருந்தவர் பேசும் வரை காத்திருந்து, பிறகு இரண்டாம் பாதியைச் சொல்லியிருக்கிறார். அவர் பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டுவிட்டார் என்று நேற்று தகவல் வந்தது.

நினைவுப் பரிசைக் கொடுக்கும்போதும் அதே பிடிவாதம். “டாக்டருடைய பெயரைப் போட்டு அவருக்கு அனுப்புங்கள்” என்று கையில் வாங்க மறுத்துவிட்டார். நேராகப் படிவங்கள் இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கண் தான உறுதிமொழியில் கையெழுத்துப் போட வந்த ஒவ்வொருவரிடமும், “வீட்டில் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கையெழுத்திட்டவர் போன பிறகு முடிவெடுக்கப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான் என்பது மருத்துவர் குறிப்பின் கடைசி வரி. அங்கேயே மனைவிக்கும் மகனுக்கும் தொலைபேசியில் பேசிவிட்டுக் கையெழுத்திட்டவர்கள் உண்டு.

நம்மைப் போன்ற சங்கங்களின் வரலாற்றில் விருந்தினர் பேச்சு ஒன்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சீடர் பாயின்ட் என்ற இடத்தில் நடந்த லயன்ஸ் சங்கங்களின் மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த இயக்கம் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் பேச்சுக்குப் பிறகு கண் பணி அதன் முதன்மைப் பணிகளில் ஒன்றாகிவிட்டது. 1930இல் அமெரிக்காவின் பியோரியா நகர லயன்ஸ் சங்கத்தின் ஜார்ஜ் பான்ஹாம், சாலையைக் கடக்கத் தடுமாறிய பார்வையற்ற ஒருவரைப் பார்த்த பிறகு, வாகன ஓட்டிகளின் கண்ணில் படும்படி வெள்ளைக் கோலை அறிமுகப்படுத்த முன்வந்தார். இன்றும் அந்த இயக்கம் கண் சிகிச்சை முகாம்களை நடத்துகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொன்று. ஹெலன் கெல்லர் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டவர்தான் என்றாலும், பழகாதவர்களுக்கு அவர் குரல் எளிதில் புரியாது. அதனால் பொது மேடைகளில் அவர் சொன்னதை அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவனோ, பிற்காலத்தில் உதவியாளர் பாலி தாம்சனோ பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்வது வழக்கமாக இருந்தது. தன்னுடைய சொல் எதையும் கலக்காமல் இன்னொருவரின் பேச்சைக் கூட்டத்தின் கடைசி வரிசை வரை கொண்டு சேர்ப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அந்த மாலையில் கண்ணெதிரே பார்த்தேன். மேடை தானாகவே தேடி வந்தபோது, அதை இன்னொருவருக்காக வைத்திருந்து கொடுத்துவிட்டு இறங்கினாரே, அம்மா, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி மற்றவர்களுக்கு. நீங்கள் செய்ததும் குறைந்ததில்லை. அரங்கம் இல்லை என்று கேள்விப்பட்டதும் தங்கள் கூடத்தைத் திறந்துவிட்டவர்கள், பழைய இடத்தின் வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் புதிய இடத்துக்கு வழியனுப்பிய இளைஞர்கள், ஒலிபெருக்கியை அவசரமாக மாற்றிக் கட்டியவர்கள், வரிசை நீண்டும் முகம் சுளிக்காத இரத்த வங்கிப் பணியாளர்கள், இரத்தம் கொடுத்தவர்கள், இரும்புச்சத்துக் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டும் போகாமல் நின்று பதிவு மேசையில் உதவியவர்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள், வர முடியாமல் நன்கொடையை மட்டும் அனுப்பியவர்கள், முந்தைய ஆண்டுகளில் இதே மேடையில் பேசிவிட்டு இம்முறை பார்வையாளர்களாக வந்து நாற்காலி தூக்கிய விருந்தினர்கள், கடைசியில் கூடத்தைப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்தவர்கள்: உங்கள் எல்லோரையும் சேர்த்துக் கைகூப்பி வணங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத ஆசை. எழுதுவேன்.

நிகழ்ச்சிக் குழு நேற்றிரவே உட்கார்ந்து சில முடிவுகளை எடுத்தது. வருகிற விருந்தினர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே குறிப்புகளைக் கேட்டு வாங்கி வைப்போம். அறிவிப்புகளுக்காகப் பேச்சாளரின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுக்க மாட்டோம். மேடையில் பதில் கிடைக்காத கேள்விகளை ஒருவர் எழுதிக்கொள்வார். அடுத்த கூட்டம் அந்தப் பதில்களோடுதான் தொடங்கும், பதில் எவ்வளவு கசப்பாக இருந்தாலும். பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாமல், அது சொன்னதில் ஒன்றையாவது சங்கம் செய்து முடிக்கும். இந்த வாக்கை நான் பொறுப்பில் இருக்கும் வரை காப்பேன். எனக்குப் பின் வருபவர்களிடமும் இதைச் சொல்லி ஒப்படைப்பேன்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் போயிருக்கிறது. வந்ததும் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண் தான உறுதிமொழிப் படிவங்கள் செயலாளரிடம் இன்னும் இருக்கின்றன. வாங்க வரும்போது வீட்டில் ஒருவரையும் அழைத்து வாருங்கள். மருத்துவர் நடமாடத் தொடங்கியதும் நம் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் பேசப் போவதில்லையாம், உங்கள் கேள்விகளுக்குப் பதில் மட்டும் சொல்லப் போகிறாராம். கேட்க நினைப்பதை இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். ஆசிரியையின் நோட்டில் வலது பக்கங்கள் நிறையக் காலியாக இருக்கின்றன.

நன்றியுடன்,
நிகழ்ச்சிக் குழுப் பொறுப்பாளர்