மேஷத்தின் முதல் திரேக்காணம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தில் பாதி அவருக்குத்தான்.

லண்டன் வந்ததிலிருந்து பகல் முழுக்க வார்பர்க் நூலகத்தில்தான் கிடக்கிறேன். ஐரோப்பிய ஓவியங்களில் பழைய கிரேக்க, ரோமானிய உருவங்கள் எப்படித் திரும்பத் திரும்ப வந்து சேர்கின்றன என்று ஆராய்வதற்காக ஆபி வார்பர்க் ஹாம்பர்க்கில் சேர்த்த நூலகம் இது. வங்கிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அவர். 13 வயதிலேயே மூத்த பிள்ளைக்கான உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கேட்கிற புத்தகமெல்லாம் வாங்கித் தரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டாராம். அவர் 1929இல் இறந்தார். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இன் டிசம்பரில், சுமார் 60,000 புத்தகங்களையும் இரண்டு சிறு கப்பல்களில் ஏற்றி இங்கே கொண்டுவந்து காப்பாற்றிவிட்டார்கள். அந்த ஆட்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அடுக்கியிருக்கும் விதம்தான் அதிசயம். உருவம், சொல், திசையறிதல், செயல் என்று நான்கு பிரிவு. நாமே அலமாரிக்குப் போய் எடுக்கலாம். நீ தேடி வந்த புத்தகத்தைவிட அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் உனக்கு வேண்டியது என்பது வார்பர்க்கின் எண்ணம், எனக்கும் அப்படித்தான் ஆனது. இத்தாலியில் ஃபெராரா ஊரின் ஸ்கிஃபனோயா அரண்மனைச் சுவரோவியங்களைப் பற்றிப் படிக்கப் போனவன், ஜோதிட நூல்களில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே மார்ச் மாத ஓவியத்தில், இடுப்பில் கயிறு கட்டி, கிழிந்த வெள்ளை உடுப்போடு ஒரு கறுத்த ஆள் நிற்கிறான். பார்த்தால் கிரேக்கக் கதை ஆள் மாதிரி இல்லை. 1912இல் வார்பர்க் கண்டு சொன்னது என்ன தெரியுமா, அவன் மேஷத்தின் முதல் திரேக்காணத்துக்கு (ஒரு ராசியை மூன்றாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் திரேக்காணம்) உரிய உருவம், நம் பழைய ஜோதிடர் வராகமிகிரர் பிருஹத் ஜாதகம் என்ற நூலில் சொன்ன ஆள், அபூ மஅஷர் என்ற பாரசீக ஜோதிடர் வழியாக இத்தாலிவரை போயிருக்கிறான்! வராகமிகிரர் சொல்லும் ஆளுக்குக் கையில் கோடரி உண்டு, ஃபெராராவில் அது இல்லை. கயிறு மட்டும் எங்கிருந்து வந்தது என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஜாதகம் பார்க்கும்போது திரேக்காணம் திரேக்காணம் என்பாரே, நாம் காதில் போட்டுக்கொண்டோமா? சரி, அவரிடம் இருக்கும் பழைய புத்தகங்களில் திரேக்காண உருவங்கள் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று கேள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உடனே அனுப்பு, எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உன் நண்பன்