விரிப்பை வெட்ட வேண்டாம்

அன்பு மகளுக்கு,

கொள்ளுப்பாட்டியின் படுக்கை விரிப்பில் வேலைப்பாடு உள்ள ஓரத்தை மட்டும் வெட்டி, சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா.

அது இத்தாலியில் சிசிலித் தீவுக்காரர்களின் ஸ்ஃபிலாத்தோ என்கிற நூல் உருவும் வேலை. துணிக்கு மேலே பூப்போடுகிற வேலை இல்லை. லினன் துணியில் நூல்களை எண்ணி உருவிவிட்டு, மிச்சம் நிற்கிற நூல்களை ஊசியால் சுற்றிச் சுற்றி வலையாக்கி, அதற்குள் பூவும் பறவையும் நிரப்புவார்கள். கண்ணைப் பிடுங்குகிற வேலை. ஊரில் பெண்பிள்ளைக்கு ஊசி பிடிக்க வந்ததுமே கொரேதோவுக்கு, அதாவது கல்யாணச் சீருக்கு, தைக்க உட்கார்த்திவிடுவார்கள். விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் டஜன் கணக்கில். கல்யாணத்துக்கு முன் அக்கம்பக்கத்தார் பார்க்கப் பரப்பி வைப்பார்கள், விலை மதித்துப் பட்டியலும் போடுவார்கள். முடை வந்தால் அடகுக்குப் போவதும் அதே துணிதான்.

கொள்ளுப்பாட்டி அங்கிருந்து நியூயார்க்குக்கு வந்தபின் அந்தக் கைக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கோட்டுக்கு லைனிங் தைப்பது, பொத்தான் வைப்பது. அதுவும் வீட்டுச் சமையலறை மேசையிலேயே. ஒரு கோட்டுக்குச் சில சென்ட் கூலி. கச்சாத் தையல் நூலைப் பிடுங்குவது பிள்ளைகள் பாடு. என் அம்மாவும் பிடுங்கியிருக்கிறாள். வெளியே தொழிற்சாலைக்குப் போனவர்கள் கதை இன்னும் மோசம். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தில் செத்த 146 பேரில் பெரும்பாலோர் யூத, இத்தாலியப் பெண்கள்.

அந்தத் தொழிற்சாலை இருந்த அதே கிரீனிச் வில்லேஜ் பகுதியில் 1905-இல் 'ஸ்குவோலா தீந்துஸ்திரியே இத்தாலியானே', அதாவது இத்தாலியக் கைத்தொழில் பள்ளி, என்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். இத்தாலியப் பெண்களை வைத்து மறுமலர்ச்சிக் கால லேஸ் மாதிரிகளைச் செய்வித்து, வசதியுள்ளவர்களுக்கு விற்றார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் லேஸை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தக் கோட்டு லைனிங்கை எங்கே போய்ப் பார்ப்பது?

விரிப்பின் நடுவில் கறுப்பு நூலில் ஓர் ஒட்டுப் போட்டிருக்கிறதே, அசிங்கம் என்றாயே, அது கோட்டு நூல். வேலையில் மீந்தது. ஓரத்தைத் தைத்த அதே கைதான் அதையும் போட்டது. நீ வெட்டினால் முதலில் குப்பைக்குப் போவது அந்த ஒட்டுதான்.

கட்டிலில் விரித்துக்கொள். வெந்நீரில் அலசாதே, பிழியாதே. மடித்து வைப்பதானால் கஞ்சி போடாதே, பூச்சி அரிக்கும். மடிப்பையும் அவ்வப்போது மாற்று, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் இற்றுப்போகும். தலையணை உறைகளை உன் தம்பி கேட்கிறான். ஆளுக்குப் பாதி, சரியா? சண்டை வேண்டாம்.

அம்மா